மண் அணைத்தவன்

என் பேப்பரில் வருகிற குற்றவாளி, எதிர் பெர்த்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவித்த கடலை உரித்துக்கொண்டிருந்தான். நவஜீவன் எக்ஸ்பிரஸ் கூடூரைத் தாண்டியிருந்தது. அகமதாபாத் போய்ச் சேர இன்னும் ஒரு பகல், ஓர் இரவு, மறுபடி ஒரு பகல்.

"எத்தனை பக்கம்டா?"

"எட்டு."

"என் பேரு வருதா?"

"வராது. கான்ட்ராக்டர்னு மட்டும்தான் வரும்."

"அப்ப சரி" என்று தோலை ஜன்னல் பக்கம் ஒதுக்கினான். சரி என்று அவன் சொன்ன விதம் சரியாக இல்லை.

நான் மண் இன்ஜினியர். கட்டடம் கட்டுவதற்கு முன் ஆள் வந்து மூன்று கால் நட்டு, துளை போட்டு, டங் டங்கென்று அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 63.5 கிலோ சுத்தியல், 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவேண்டும். குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி வாங்குகிறது என்று எண்ணவேண்டும். ஐந்து அடியில் இறங்கினால் சேறு, ஐம்பது வாங்கினால் நிம்மதி. இருபத்தைந்து வருஷமாக இந்த அடிகளை எண்ணித்தான் சாப்பிடுகிறேன். அடி எண்ணுவதோடு, பள்ளம் தோண்டினால் பக்கத்து மண் உள்ளே சரியாமல் எப்படிப் பிடித்து வைப்பது என்று சொல்வதும் என் வேலை. சொன்னபடி செய்வது அவன் வேலை. கல்லூரியில் ஒரே பெஞ்ச். அவன் பைல் அடிக்கும், அதாவது மண்ணுக்குள் தூண் இறக்கும், கான்ட்ராக்டர் ஆகிவிட்டான்.

கூட வந்தவர்கள் இரண்டு பேர். எங்களுக்கு இரண்டு வருஷம் சீனியரான வாத்தியார். பாலிடெக்னிக்கில் கட்டுமானப் பாடம் எடுக்கிறவர். அவர் மனைவி, எங்களுக்கு அண்ணி, கூட்டுறவு வங்கியில் கேஷியர். அகமதாபாத்தில் கான்ஃபரன்ஸ் எனக்கும் வாத்தியாருக்கும். மற்ற இருவர் குஜராத் பார்க்க வந்தவர்கள். ஆனால் நான் பேப்பர் படிக்கும் அன்று கட்டாயம் ஹாலில் உட்காருவேன் என்று கான்ட்ராக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டான்.

எங்கள் தொழிலில் கான்ஃபரன்ஸ் போவதற்கென்று ஒரு முறை உண்டு. காலையில் பதிவு செய்து பையை வாங்கிக்கொள்வது, தொடக்க விழாவில் முதல் நான்கு வரிசைக்குள் ஒரு போட்டோவில் விழுவது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காணாமல் போவது. இளவயதில் இதைக் கேவலமாக நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. ஆனால் ஊர் சுற்றுவதை எல்லாம் கடைசிக்கு வைப்பது தப்பு. முன்னால் ஒரு நாள், பின்னால் ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டால்தான் நடுவில் ஹாலில் உட்காரக் கால் வரும். அதனால் அடாலஜ் முதலில், படான் கடைசியில் என்று போட்டிருந்தேன். இரண்டுமே படிக்கிணறுகள். அங்கே வாவ் என்பார்கள். கடற்கரை உண்டா என்று கேட்ட கான்ட்ராக்டரிடம், பள்ளம் பார்க்கத்தான் போகிறோம் என்றேன்.

"அதுக்கு ஏண்டா குஜராத்? என் சைட்டுக்கு வா."

அந்த சைட்டைப் பற்றித்தான் பேப்பர். தென் சென்னையில் இரண்டு அடுக்கு பேஸ்மென்ட். எட்டு மீட்டர் பள்ளம். மேலே மணல், கீழே களி. நான்கு பக்கமும் வீடுகள், சரிவாகத் தோண்ட ஒரு முழம்கூட இடமில்லை. எனவே சுற்றி நெருக்கமாக பைல் இறக்கி ஒரு சுவர், அந்தச் சுவர் உள்ளே சாயாமல் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் குறுக்கே இரும்பு உத்தரங்கள். ஸ்ட்ரட் என்போம். இதில் வரிசைதான் உயிர். இரண்டு மீட்டர் தோண்டு, முதல் ஸ்ட்ரட்டைப் போடு, ஐந்து மீட்டர் தோண்டு, இரண்டாவதைப் போடு, அப்புறம்தான் அடிமட்டம். அவன் இரண்டாவதைப் போடாமலே தோண்டிக்கொண்டு போனான். ஸ்ட்ரட் நடுவில் நின்றால் பொக்லைன் கையைச் சுழற்ற முடியாது. பொக்லைனுக்கு மணிக்கணக்கில் வாடகை. இரும்பும் வந்து சேரவில்லை என்றான். அது பாதி உண்மை. ஐப்பசி மழை முழு உண்மை. சுவர் உள்ளே நகர ஆரம்பித்தது.

ரயிலில் இதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. மறுநாள் ஜன்னலுக்கு வெளியே கரிசல் மண் மணிக்கணக்காக ஓடியது. அண்ணி பருத்தியைப் பார்த்தார். நானும் அவனும் வெடிப்பைப் பார்த்தோம்.

அடாலஜ் அகமதாபாத்திலிருந்து 18 கிலோமீட்டர். சுமார் 1499இல், ராணி ரூடாபாய் முடித்தது. வாசலில் ஒன்றும் தெரியாது. தரையோடு தரையாக ஒரு மேடை, அவ்வளவுதான். கிழக்கு, மேற்கு, தெற்கு என்று மூன்று பக்கப் படிகளும் கீழே ஒரு தளத்தில் வந்து கூடும். அங்கிருந்து ஒரே நீளப் படி, வடக்கே கிணற்றை நோக்கி இறங்குகிறது. ஐந்து அடுக்கு ஆழம். வெளியே வெயில் கொளுத்துகிறது. இரண்டாவது அடுக்கில் சட்டை ஆறுகிறது. நான்காவதில் குரலைத் தாழ்த்திப் பேசுகிறோம். வழிகாட்டி ஒருவர் சுல்தான் மகமூது பேகடாவையும் ராணியையும் வைத்து ஒரு காதல் கதை சொன்னார். அண்ணி கதையைப் பாதியில் விட்டுவிட்டுச் சுவர்ச் சிற்பம் ஒன்றின் அருகே போய்விட்டார். ஒரு பெண் மோர் கடைந்துகொண்டிருந்தாள்.

நான் மேலே பார்த்துக்கொண்டு நின்றேன். இறங்கும் வழி நெடுக, இரண்டு பக்கச் சுவருக்கும் குறுக்கே தூண்களும் உத்தரங்களுமாக மண்டபங்கள். தலைக்கு மேல் ஒன்று, அதற்கு மேல் ஒன்று. படங்களில் நூறு தடவை பார்த்தது. அலங்காரம், நிழல், வழிப்போக்கர் உட்கார இடம் என்று படித்தது. நேரில் நின்றபோதுதான் தொழில் கண் திறந்தது. இந்த நீளப் பள்ளத்தின் இரண்டு சுவர்களுக்கும் பின்னால் இருப்பது ஆற்று வண்டல், மணல். அது இரவு பகலாக உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். இந்த மண்டபங்கள் இரண்டு சுவர்களையும் எதிரும் புதிருமாகக் கை நீட்டித் தாங்கிக்கொண்டிருக்கின்றன. கல்லை இழுத்தால் விட்டுவிடும். அழுத்தினால் எவ்வளவும் தாங்கும். ஸ்ட்ரட்டுக்கு அழுத்தம் மட்டும்தான். ஆழம் கூடக்கூட மண்ணின் தள்ளலும் கூடுகிறது, மண்டபத்தின் அடுக்கும் கூடுகிறது. படி தொடங்கும் இடத்தில் ஒன்று, கிணற்றருகே ஐந்து.

மண் எவ்வளவு தள்ளும் என்று பிரெஞ்சு இன்ஜினியர் கூலோம் கணக்கு எழுதி அச்சிட்டது 1776இல்.

"வாத்தியாரே, ஷோரிங்." மண் சரியாமல் முட்டுக் கொடுப்பதை அப்படித்தான் சொல்வோம்.

அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார். "எப்படித் தோண்டியிருப்பான்? மொத்தத்தையும் சரிவாத் தோண்டி, கட்டிட்டு, ரெண்டு பக்கமும் மண்ணைப் போட்டு மூடினானா? இல்ல மேலேருந்து ஒவ்வொரு தட்டாவா?" இருவரும் அங்கேயே படியில் உட்கார்ந்து விரலால் படம் போட்டோம். இரண்டுக்கும் சாத்தியம் உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எங்களைத் தாண்டித் தாண்டி இறங்கினார்கள்.

கான்ட்ராக்டர் இடுப்பில் கைவைத்து அண்ணாந்து ஐந்து அடுக்கையும் பார்த்தான். வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்: "இது நடுவுல நின்னா பொக்லைன் எப்படிடா இறங்கும்?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. சிற்பத்தை விட்டு வந்து கிணற்றை எட்டிப் பார்த்தவர், "தம்பி, உங்க சைட்லயும் இப்படித்தானே தோண்டினீங்க?" என்றார்.

"கிட்டத்தட்ட, அண்ணி."

"தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு. நாலு மோட்டார், மூணு மாசம் ராப்பகலா இறைச்சோம்."

"எங்கே விட்டீங்க?"

"ரோட்டு மழைநீர்க் கால்வாயில."

"இவங்க தண்ணிக்காகத் தோண்டியிருக்காங்க. நீங்க கார் நிறுத்தத் தோண்டிட்டுத் தண்ணியைக் கொண்டு போய்க் கொட்டிட்டு வர்றீங்க."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாள் கிணறு வற்றிவிட்டதென்று வந்து நின்றதை நான் பேப்பரில் சேர்க்கவில்லை. இறைத்தது எத்தனை லிட்டர் என்பதை மட்டும் சேர்த்திருந்தேன்.

கான்ஃபரன்ஸ் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குத்துவிளக்கு, சரஸ்வதி வந்தனம், சால்வை, நினைவுப் பரிசு என்று தொடக்க விழா ஒரு மணி நேரம் நீண்டது. அந்த ஒரு மணி நேரத்தை எங்களைப் போன்றவர்களிடமிருந்து பிடுங்கினார்கள். எனக்குப் பதினைந்து நிமிஷம் என்றிருந்தது எட்டு நிமிஷம் ஆனது. இருபத்திரண்டு ஸ்லைடு. தலைவர் மணியில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் ஸ்லைடுக்கு முன்னால் அடாலஜ் போட்டோ ஒன்றை முந்தின இரவு செருகியிருந்தேன். ஹால் நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு வேகமாக ஓட்டினேன். தோண்டிய வரிசை. சுவரின் அசைவை அளக்கும் குழாயின் வரைபடம். ஸ்ட்ரட்டில் வரும் பாரம் ஏன் கணக்குப்படி முக்கோணமாக வராது என்பது. மண்ணின் தள்ளல் ஆழத்தோடு கூடவேண்டும், எனவே கீழ் ஸ்ட்ரட்டுக்குத்தான் அதிகம் என்று புத்தகம் நினைக்க வைக்கும். ஆனால் மேல் ஸ்ட்ரட்டை முதலில் போட்டு விடுகிறோம், அதன்பின் சுவர் அடியில்தான் நகர்கிறது. அதனால் மேல் ஸ்ட்ரட் தன் பங்குக்கு மேலேயே வாங்கிக்கொள்ளும். பெர்லின், சிகாகோ சுரங்க ரயில் பள்ளங்களில் நிஜ ஸ்ட்ரட்டுகளில் அளந்தவற்றை வைத்து மண் இன்ஜினியர்கள் டெர்சாகியும் பெக்கும் கண்டது இது. 1969இல் பெக் வெளியிட்ட வரைபடத்தைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். இரண்டாவது ஸ்ட்ரட் வராத என் சைட்டில், முதல் ஸ்ட்ரட் இரண்டு பேர் பாரத்தைச் சுமந்தது. அதைச் சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடு: 'கான்ட்ராக்டர் இரண்டாம் நிலை ஸ்ட்ரட்டைத் தாமதப்படுத்தினார்.' ஆங்கிலத்தில். மூன்றாவது வரிசையில் அவன் கன்னத்தில் கைவைத்திருந்தான்.

அதற்கடுத்த ஸ்லைடு: 'உடனடியாக மண் நிரப்பப்பட்டது. அசைவு நின்றது.' மணி அடித்தது.

கேள்வி நேரத்தில் வெள்ளைத் தாடிப் பேராசிரியர் ஒருவர் எழுந்தார். சுவர் நகர ஆரம்பித்த பிறகு எத்தனை மணி நேரத்தில் மண் போட்டீர்கள்? இரண்டு மணி நேரத்துக்குள் என்றேன். அந்த முடிவை எடுத்தது யார்? "சைட் அளவில் எடுத்தோம்" என்றேன். அவர் தலையாட்டி உட்கார்ந்தார். இன்னொரு கேள்விக்கு நேரமில்லை.

அன்று மாலை ஊர். சீதி சையத் மசூதியின் கல் ஜாலி ஜன்னல் முன்னால் மட்டும் நான்கு பேரும் பேசாமல் நின்றோம். 1573இல் கல்லில் கொடியை இப்படிப் பின்னியவன் கையைத் தொட்டுப் பார்க்கவேண்டும் போலிருந்தது. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும் என்கிற ஆடும் மினார்கள் பக்கம் போனோம்; ஏற விடுவதில்லை. வாத்தியாருக்கு வேறொரு தேடல். 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த இந்த ஊரில் அடுக்குமாடிகள் சரிந்தன. பலவற்றில் கீழ்த்தளம் சுவரே இல்லாத கார் நிறுத்தம். வருஷா வருஷம் பாடம் எடுக்கிறவர், தெருவில் நடக்கும்போது ஒவ்வொரு கட்டடத்தின் காலையும் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். இரவு மாணேக் சௌக். பகலில் நகைக்கடை, இரவில் சாப்பாட்டுக் கடை. மதுவிலக்கு மாநிலம் என்பது அப்போதுதான் கான்ட்ராக்டருக்கு முழுதாக உறைத்தது. வெண்ணெய் மிதக்கும் பாவ் பாஜியை வெறித்துப் பார்த்தான். ஆனால் அவன் முகம் அதனால் மட்டும் அப்படி இல்லை.

மூன்றாம் நாள் கார் எடுத்து மோதேரா வழியாகப் படான். மோதேரா சூரியன் கோயில் 1026–27ஐச் சேர்ந்தது. கோயிலைவிட முன்னால் உள்ள குளம்தான் எங்களை நிறுத்தியது. படிப்படியாக அகன்று விரியும் குளம். படிகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கோயில்கள். நம் தெப்பக்குளம்தான். பள்ளம் தோண்ட உலகத்தில் இரண்டே வழி. இடம் இருந்தால் சரித்துத் தோண்டு. மண் தன் காலிலேயே நிற்கும். இடம் இல்லையென்றால் நெட்டாகத் தோண்டு, குறுக்கே தாங்கு. மோதேரா முதல் வழி, அடாலஜ் இரண்டாவது. "நமக்கு எங்கே முதல் வழி, கிரவுண்டு என்ன விலை விக்குது" என்றான் கான்ட்ராக்டர். காலையிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை.

படானில் ராணி கி வாவ். 11ஆம் நூற்றாண்டில், மோதேராவைக் கட்டிய அதே சோலங்கி மன்னன் முதலாம் பீமதேவனின் மனைவி உதயமதி எழுப்பியது. 64 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 27 மீட்டர் ஆழம். இறங்கினால் இரு பக்கமும் விஷ்ணு, விஷ்ணு, விஷ்ணு. மூக்கு உடையாத, விரல் தேயாத சிலைகள். ஆயிரம் வருஷக் கல் இத்தனை புதிதாக இருக்க என்ன காரணம் என்று அண்ணி கேட்டார். பலகையைப் படித்துச் சொன்னேன்: சரஸ்வதி ஆறு வெள்ளம் வந்து வண்டலால் முழுக்க மூடிவிட்டது, நூற்றாண்டுக்கணக்கில் புதைந்து கிடந்தது, 1980களில் தொல்லியல் துறை தோண்டி எடுத்தது, 2014இல் உலகப் பாரம்பரியச் சின்னம்.

"வண்டல் போட்டு மூடினதாலதான் சிலை தேயலை" என்றார் வாத்தியார்.

"சிலை மட்டுமா?" கான்ட்ராக்டர் படியில் உட்கார்ந்துவிட்டான். "சுவரும்தான். வெளியிலேயும் மண்ணு, உள்ளேயும் மண்ணு. அப்புறம் எதைப் போய்த் தள்ளும்?"

வாத்தியார் என்னைப் பார்த்தார். உண்மைதான். பள்ளத்தை மண்ணால் நிரப்பிவிட்டால் அதைவிடப் பெரிய ஸ்ட்ரட் கிடையாது. 

"அன்னைக்கு ராத்திரி நான் பண்ணினதைத்தான் இந்த ஆறு பண்ணியிருக்கு" என்றான். என்னைப் பார்க்காமல், சிலையைப் பார்த்துச் சொன்னான்.

சைட்டில் சுவர் நகர்ந்த அன்று இரவு பதினொரு மணிக்கு அவன் போன் செய்தான். "சுவர் பேசுதுடா" என்றான். பின்னால் மழை இரைச்சல். அதற்கும் பின்னால் இரும்பு முனகுகிற சத்தம் எனக்கே கேட்டது. தாம்பரத்திலிருந்து நான் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, வழியெல்லாம் தண்ணீர். போனபோது பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் என் பேனா நுழைகிற விரிசல். ஆனால் பள்ளத்தில் வேலை முக்கால்வாசி முடிந்திருந்தது. கொட்டுவதற்காக மண் ஏற்றிக்கொண்டு வெளியே போன டிப்பர்களைப் போனில் பிடித்து, பாதி வழியில் திருப்பி வரவழைத்திருந்தான். பேண்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டி, பொக்லைன் டிரைவர் பக்கத்தில் நின்று, சுவரின் காலடியில் வாழைக்கு அணைப்பதுபோல மண்ணை அணைத்துக்கொண்டிருந்தான். ஒரு லோடு, இரண்டு லோடு அல்ல. நாற்பது லோடு. தோண்டிய காசு, ஏற்றிய காசு, திருப்பிக் கொட்டிய காசு, மறுபடி தோண்டப் போகும் காசு எல்லாம் அவனுடையது. அங்கே நான் செய்தது, குடையைப் பிடித்துக்கொண்டு அளவு எடுத்து "போதும், நின்னிடுச்சு" என்று சொன்னது.

"தாமதம் பண்ணினப்போ கான்ட்ராக்டர்னு எழுதினே. சரி, பண்ணினேன், ஒத்துக்கறேன்" என்றான் படானின் படியில் உட்கார்ந்தபடி. "மண்ணைத் தள்ளினப்போ யாரு தள்ளினான்னு எழுதலையே. தானா நிரம்பிச்சா?"

அண்ணி அவன் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

நான் வாயைத் திறக்கவில்லை. தப்புக்கு ஓர் எழுவாய் வைத்திருந்தேன், காப்பாற்றியதற்கு வைக்கவில்லை. எட்டு பக்கத்தையும் மனதுக்குள் புரட்டினேன். 'அளவுகள் எடுக்கப்பட்டன', 'நீர் வெளியேற்றப்பட்டது', 'மண் நிரப்பப்பட்டது'. ஆள் இருந்த இடம் அந்த ஒரு வரிதான். எங்கள் தொழிலில் இப்படித்தான் எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள், நானும் ஜூனியர்களுக்கு அப்படியே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பேராசிரியர் நேருக்கு நேராகக் கேட்டபோதும், மூன்றாவது வரிசையைக் கைகாட்டியிருக்கலாம். எட்டு நிமிஷம் என்று சாக்குச் சொல்ல முடியாது. ஒரு விரலை நீட்ட எத்தனை விநாடி? பேப்பர் பென் டிரைவில் ஏறி எல்லோர் பையிலும் போய்விட்டது. இனித் திருத்த வழியில்லை.

"அடுத்ததுல போட்டுடறேன்டா" என்றேன்.

"அடுத்ததுக்கு இன்னொரு சுவரைச் சாய்க்கணுமா?" என்றான். வாத்தியார் முதலில் சிரித்தார். பிறகு அவனும்.

வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தின் ஓரக் கடையில் டீ சொன்னோம். இஞ்சி தூக்கலாக, சர்க்கரை அதைவிடத் தூக்கலாக. அவன் பர்ஸிலிருந்து ஊதா நிற நூறு ரூபாய் ஒன்றை எடுத்தான். கொடுக்கப் போனவன் நிறுத்தி, தாளைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்தில், நாங்கள் இப்போதுதான் ஏறி வந்த அதே ராணி கி வாவ். 2018இல் இந்தத் தாள் வந்ததிலிருந்து கூலிக்கு எத்தனை கட்டு எண்ணிக் கொடுத்திருப்பான். ஒரு தடவையும் பார்த்ததில்லை.

"அண்ணி, இங்க பாருங்க. நம்ம வேலையை ரிசர்வ் பேங்க்காரன் படம் போட்டிருக்கான்."

கேஷியர் தாளை வாங்கி, பழக்க தோஷத்தில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவன் அதை நான்காக மடித்து, பர்ஸின் உள்ளறையில், சாமி படத்துக்குப் பின்னால் செருகினான்.

கடைக்காரர் கையை நீட்டிக்கொண்டே நின்றார்.

"நீ குடுடா" என்றான் என்னிடம்.